திரும்பிப் பார்க்காமல் வந்தவர்கள்

லாட்வியாவில் நான் என்ன படிக்கிறேன் என்று லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "மரஞ்செடியப் பத்தி" என்று சொல்லிவைத்திருந்தாள். முழுப் பொய்யில்லை. என் ஆராய்ச்சியில் மரமும் உண்டு, செடியும் உண்டு. ஆனால் அவை நின்ற இடம் ஓர் இடுகாடு. பைன் காட்டுக்குள் இருக்கும் கல்லறைகளை ஒரு கிராமத்து மக்கள் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், பக்கத்து வீட்டில் தாளித்தால் நம் வீட்டில் இருமல் வரும் லயத்து வரிசை வீடுகளில், இதை எப்படிச் சொல்ல முடியும்? கடல் தாண்டிப் போன பெண் சுடுகாட்டைப் பற்றிப் படிக்கிறாளாம் என்று மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் கூட்டம் முழுக்கப் பேசியிருக்கும். அம்மாவுக்கு அந்தப் பேச்சு வேண்டாம். எனக்கும் வேண்டாம்.

நானாகத் தேடிப் போன தலைப்பு இல்லை அது. உதவித்தொகை கிடைத்து, சுற்றுச்சூழல் முதுகலை படிக்கப் போயிருந்தேன். வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் அந்த நாட்டு மொழியை ஓரளவு கற்று, அங்குள்ள மொழி, சமூகம், சூழல் இவற்றில் ஒன்றைப் பற்றிச் சிறு ஆய்வு செய்து, ஆண்டு முடிவில் ஒரு கூட்டத்தில் பேச வேண்டும். நான் சூழல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சதுப்பு நிலத்துப் பாசியைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கோடைகாலம். பஸ் நிறைய நல்ல துணி உடுத்திய ஜனம். கையில் பூச்செடி, வாளி, தின்பண்டப் பொட்டலம். ஏதோ கோயில் திருவிழா என்று நினைத்து அவர்களோடு நானும் இறங்கிவிட்டேன். கூட்டம் இறங்கினால் கூடவே இறங்கிப் பார்ப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு விடாத புத்தி.

திருவிழாதான். ஆனால் கல்லறைத் திருவிழா. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள்கூட அதற்காக ஊர் திரும்புகிறார்கள். தங்கள் வீட்டு இறந்தவர்களின் இடத்தைச் சுத்தம் செய்து, பூ நட்டு, பாட்டுப் பாடி, அங்கேயே அக்கம்பக்கத்தாரோடு நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். குழந்தைகள் ஓடி விளையாடினார்கள். பெண்கள் மணலில் முழங்கால் போட்டுக் களை பிடுங்கினார்கள். நான் ஒரு பைன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கத்து லயத்துக் கிறிஸ்தவ வீடுகளில் நவம்பர் மாதம் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள் என்று தெரியும். போய்ப் பார்த்ததில்லை. அதுவரை ஒரு புதைகுழியின் பக்கத்திலும் நான் நின்றதில்லை. பாசியை அத்தோடு மறந்தேன்.

பேராசிரியர் என் புதுத் தலைப்பைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார். கூட்டத்தில் மொழிக்கு ஓர் அறை, சமூகத்துக்கு ஓர் அறை, சூழலுக்கு ஓர் அறை. நீ எந்த அறையில் பேசுவாய் என்று கேட்டார். கல்லறைக் கற்களில் இருக்கும் சொற்கள் மொழி. ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் சமூகம். கல்லறையில் நட்ட தோட்டச்செடி வேலி தாண்டிக் காட்டுக்குள் பரவுவது சூழல். செத்தவர்களை மூன்று அறையாகப் பிரித்து உட்கார வைக்க எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஊரில் சிரிப்பைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார்கள்.

மொழி வந்தது. மெதுவாக வந்தது. ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்தில் அழுத்திப் பேச வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்கு அவர்கள் சொல் 'கபி'. மற்ற மாணவர்கள் வெட்கப்பட்டு ஆங்கிலத்துக்கு ஓடினார்கள். எனக்கு அந்த வெட்கம் இல்லை. மலையாள நாட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்று, உள்ளே போய்ச் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மலையாளத்தில் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு நுழைவது சின்ன வயதிலேயே பழகிப்போனது. லாட்விய மொழியிலும் அப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசினேன். அவர்கள் மொழி சின்ன மொழி. வெளியிலிருந்து வந்த ஒருத்தி அதைப் பேசினால் கடையில் எடை போடுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

அந்தக் கிராமத்துக் கடையில் வேலை பார்த்த பெண்மணிதான் எனக்கு அதிகம் பேச்சுக் கொடுத்தவர். என் அம்மா வயது இருக்கும். கணவர் இறந்துவிட்டார். மகன் அயர்லாந்தில். சனிக்கிழமை கடை அடைத்ததும் கபிக்குப் போவார், நானும் கூடப் போவேன். அங்கே குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தில் மணல் வாரும், சீப்புப்போலப் பல்வைத்த வாருகோல்கள் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கணவரின் குழியைச் சுற்றியிருக்கும் மணலைக் கோடு கோடாக வாரிவிட்டு, ஆள் இல்லாமல் போன பக்கத்துக் குழிகளையும் வாரிவிடுவார். யாருடையது என்று கேட்டால் சொல்வார். சிலதைத் தெரியாது என்பார். தெரியாததையும் வாருவார்.

ஒருநாள் எனக்கும் ஒரு வாருகோல் கொடுத்தார். கொழுந்துக்காட்டில் வளர்ந்தவள், கைவேலை கூசாது. நன்றாகவே வாரினேன். முடிந்ததும் வாருகோலை மரத்தில் சாத்திவிட்டு, வாரிய மணலின் குறுக்கே மடமடவென்று நடந்து வாசலுக்கு வந்துவிட்டேன். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் சொல்லித் தராமலே உடம்பில் ஏறியிருந்த பழக்கம் அது. எங்கள் பக்கம் குழிமேடு என்கிற இடுகாட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போனவருக்கும் பிரிய மனம் வராது, கூடவே வந்துவிடுவார் என்பார்கள். வாசலில் நின்று பார்த்தால், அந்த அம்மா கல்லறையைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் எட்டு வைத்து வந்துகொண்டிருந்தார். அப்படியே வாருகோலால் தன் காலடித் தடத்தையும், கூடவே என்னுடையதையும் அழித்துக்கொண்டு வந்தார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அவர் கோபிக்கவில்லை. ஏன் அவ்வளவு வேகம் என்று கேட்டார். எங்கள் விதியைச் சொன்னேன், வேற்றுமை உருபுகளைத் தப்பும் தவறுமாகப் போட்டு. அவர் வாருகோலை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"அப்படியானால் அடுத்த முறை இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்றார்.

அடுத்த முறை என்று ஒன்று கிடையாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. என் அப்பா இறந்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியும்; அவரை எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று அடுத்ததாகக் கேட்டார். எஸ்டேட்டில் என்றேன். எஸ்டேட்டில் எங்கே என்றார். எனக்குத் தெரியாது. 

அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. எங்கள் எஸ்டேட்டில் சாவு விழுந்தால் வீட்டுக்கு ஓர் ஆண் குழி வெட்டப் போவார். பெண்கள் பாடைக்குப் பின்னால் தேயிலைக்காட்டுச் சாலையில் ஒரு வளைவு வரை போவோம். அந்த வளைவில் ஒரு சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதைத் தாண்டிப் பெண்கள் போவதில்லை. அன்றைக்கு அம்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடை வளைவில் திரும்பியது. அவ்வளவுதான் நாங்கள் பார்த்தது.

அன்று இரவு அறையில் தூக்கம் வரவில்லை; மூன்று மணிக்கு அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அப்பா குழி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அங்கே விடிந்துகொண்டிருந்திருக்கும்; அடுப்புச் சத்தம் கேட்டது. 

"அதெல்லாம் ஆம்பளைகளுக்குத்தான் தெரியும் பாப்பா. நம்ம போனதில்லைல்ல" என்றாள். பிறகு, எதற்குக் கேட்கிறாய் என்று கேட்டாள்.

வாருகோல் கதையைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்புறம் தோன்றியது. ஏனென்றால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஃபோனிலும் அம்மா அந்தப் பெண்மணியை விசாரிக்க ஆரம்பித்தாள். இந்த வாரம் போனாளா, மழை பெய்தால் மணல் என்னாகும், பனி விழுந்தால் குழி தெரியுமா, பக்கத்துக் குழிக்காரர்கள் யாராவது வந்தார்களா. நான் சாப்பிட்டேனா என்பதுகூட இரண்டாம் பட்சமாகிவிட்டது. ஒருத்தர் முகம் ஒருத்தர் பார்க்காத இரண்டு பொம்பளைகளுக்கு நடுவில் நான் தபால்காரி ஆனேன். பனிக்காலத்தில் அந்த அம்மா பனியில் ஒரு பாதை வெட்டிக்கொண்டு போய் விளக்கு வைத்துவிட்டு வருகிறார் என்று சொன்ன அன்று, அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சளி என்றாள்.

கூட்டத்தில் என்னைச் சமூகத்துக்கான அறையில் போட்டார்கள். பேசி முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர், உங்கள் ஊரில் இதெல்லாம் எப்படி என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்ட கேள்வி. எனக்குத் தெரியாது என்றேன். சபையில் சிலர் சிரித்தார்கள், அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.  அடுத்தவர் வீட்டுக் கல்லறையில் எந்தச் செடி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று படம் போட்டுக் காட்டியவளுக்கு, சொந்த அப்பன் கிடக்கும் இடம் தெரியாது. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

படிப்பு முடியும் சமயத்தில் அம்மாவுக்குப் பணி ஓய்வு வந்தது. எஸ்டேட்டில் ஓய்வு என்றால் பேர் வெட்டுவது என்பார்கள். பேர் வெட்டியாயிற்று என்றால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். வீடு வேலைக்குக் கொடுத்தது, ஆளுக்குக் கொடுத்ததல்ல. அண்ணன் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் இருக்கிறான். பால் வண்டி ஓட்டுகிறான், அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி அங்கேயே தங்கிவிட்டவன். அம்மா இனி அங்கே போவது என்று முடிவாயிற்று. "அத்தை, ஊட்டுல உங்களுக்குன்னு ஒரு ரூமே ஒதுக்கி வெச்சிருக்கறனுங்க" என்று அண்ணி ஃபோனில் அம்மாவிடம் சொன்னாளாம். நல்லவள். அம்மாவுக்குத்தான் அந்த ஊர் வெயிலை நினைத்தாலே நாக்கு வறண்டது. அங்கே தென்னந்தோப்பு, வாய்க்கால், வெட்டவெளி. மஞ்சு கிடையாது. மஞ்சு என்று நாங்கள் சொல்வது மூடுபனியை.

போவதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். சாப்பாடு, துணி என்று இதுவரை எனக்காகவே கேட்டவள், தனக்காகக் கேட்டது அது ஒன்றுதான்.

"இங்கிட்டு இனி நமக்கு ஆளும் இல்ல, வீடும் இல்ல. திரும்பி வரப்போறதில்ல. போறதுக்கு முன்ன ஒருக்கா உங்கப்பா இருக்குற எடத்துல போயி நிக்கணும் பாப்பா" என்றாள்.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகியிருந்தது. அண்ணனும் வந்திருந்தான். மறுநாள் லாரி. அவனிடம் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. பொம்பளைகள் எப்படி அங்கே வருவது, லயத்தில் என்ன சொல்வார்கள் என்றான். நாளைக்குக் காலி செய்யப் போகிற வீட்டுக்கு லயத்தின் சர்ட்டிபிகேட் எதற்கு என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவன் பதிலுக்கு, வெளிநாட்டில் நாலு எழுத்துப் படித்துவிட்டு வந்து அம்மாவின் மனதைக் கெடுத்துவிட்டாய் என்றான். அடுத்த வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

சண்டையை அம்மா முடித்துவைத்தாள். இடம் உனக்குத் தெரியுமா தெரியாதா என்று மட்டும் அவனைக் கேட்டாள். தெரியும் என்றான். கொள்ளிக்குடம் உடைத்தது அவன்தான். குடத்தை உடைத்ததும் திரும்பிப் பார்க்காமல் போ என்று அவனை அனுப்பிவிட்டார்கள். குழியை மூடியதைக்கூட அவன் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பால் ஊற்றப் பெரியப்பா கையைப் பிடித்துக் கூட்டிப் போனாராம். அப்போது பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாத மஞ்சு. ஒரு சில்வர் ஓக் மரத்தடி என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றான். பெரியப்பா பேர் வெட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போய், அங்கேயே இறந்தும் போனார். ஆக, எங்கள் குடும்பத்தில் இடம் தெரிந்த ஒரே ஆள் அண்ணன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். அட்டை கடிக்காமலிருக்க அம்மா காலில் சுண்ணாம்பும் புகையிலையும் தடவிக்கொண்டாள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டாள். வேலைக்குப் போகிற கோலம். செம்பில் பால். நான் ஒரு கத்தியும் அண்ணன் அரிவாளும் எடுத்துக்கொண்டோம். எதிரே வந்தவர்கள் எங்கே என்று கேட்டார்கள். அம்மா நிற்காமல், "அவுகளப் பாக்க" என்றாள். கேட்டவர்களுக்கு யாரென்று புரிந்ததா தெரியாது.

வளைவுத் தொட்டியடியில் நின்றாள். கை தன்னால் போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அவள் கடைசி வருடங்களில் கொழுந்து எடுத்த காடு குழிமேட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கே நிரைபோட்டு வேலை. ஆளுக்கு ஒரு நெரை, அதாவது செடிகளுக்கு நடுவே ஒரு வரிசை. இந்த முனையில் ஆரம்பித்தால் அந்த முனை வரை விடக்கூடாது. நல்ல செடியாகப் பார்த்துத் தாவவும் கூடாது. சாயங்காலம் சங்கு ஊதும்போது நெரை பாதியில் நின்றால், நின்ற இடத்தில் ஒரு கிளையை ஒடித்துக் குத்திவைத்துவிட்டு மறுநாள் அங்கேயிருந்து தொடங்குவார்கள். அப்படி எத்தனையோ நாள் அந்தச் சரிவில் நின்று கீழே பார்த்திருக்கிறாள். புதர்தான் தெரியும். இப்போது தொட்டியடியில் நின்றவள் கையை எடுத்தாள். படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கினாள்.

குழிமேடு பெரிய இடமில்லை. ஓடைக்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு சரிவு. இடுப்பு உயரத்துக்கு உண்ணிச்செடி, பெரணி. கல் இல்லை, பேர் இல்லை. சில இடங்களில் மண் மேடாக இருந்தது, சில இடங்களில் உள்வாங்கிக் கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் பானை ஓடு. யார் யாருக்கோ உடைத்த கொள்ளிக்குடங்கள், எல்லாம் ஒரே நிறம்.

அண்ணன் நேராக நடந்தான். தெரிந்தவன் நடைதான். ஆனால் போய் நின்ற இடத்தில் மரம் இல்லை, வெட்டிய அடிக்கட்டை இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு அடிக்கட்டை. ஓடைப்பக்கம் வேறொன்று. அந்தச் சரிவில் இருந்த சில்வர் ஓக் எல்லாவற்றையும் எப்போதோ வெட்டி விற்றுவிட்டார்கள். அவன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று வளைவுப் பக்கம் பார்த்தான். அங்கிருந்து எப்படி வந்தோம் என்று பிடிக்கப் பார்த்தான். மறுபடி முதல் கட்டைக்கே வந்தான்.  என் நீளமான வாய் அன்றைக்கு ஒருமுறை தன்னால் மூடிக்கொண்டது.

அடிக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"தெரியலம்மா" என்றான். "இத்தன வருசமும் தெரியும்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒருக்காத் திரும்பிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பாக்கக் கூடாதுன்னாக. பாக்கல."

பெரிய மீசை வைத்த மனிதன், பள்ளிக்கூடத்துப் பையனாக அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். குழி வெட்டியவர்கள், தூக்கிப் போனவர்கள், பால் ஊற்றியவர்கள் எல்லோரும் சொன்ன சொல் தவறாமல் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறார்கள். பார்க்க ஆசைப்பட்டவளை வளைவிலேயே நிறுத்திவிட்டார்கள். ஓர் எஸ்டேட் முழுக்கச் சேர்ந்து, மரியாதையோடு, ஒரு மனிதனைத் தொலைத்திருக்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அம்மா அவனைத் தேற்றவில்லை. சரிவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். காலையில் வேலைக்காட்டைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. செம்பை ஒரு கல்மேல் வைத்தாள். என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"எந்திரி. ஆளுக்கு ஒரு நெரை" என்றாள்.

அவளுக்கு நடு நெரை. எங்கள் இருவருக்கும் இரண்டு பக்கம். மேல் முனையில் தொடங்கிக் கீழே ஓடையை நோக்கி வெட்டிக்கொண்டு வந்தோம். எனக்குக் கத்தி இல்லாததால் கையால் பிடுங்கினேன். உண்ணிமுள் கிழித்தது. அண்ணன் வெட்டிய புதரை நான் இழுத்துப் போட்டேன். மேடாகத் தெரிந்த ஒவ்வோர் இடத்திலும் அம்மா நின்றாள். வேரோடு களை பிடுங்கி, மண்ணைக் கையால் தட்டிச் சமன்படுத்தி, செம்பிலிருந்து கொஞ்சம் பால் ஊற்றினாள். தாவவில்லை. இது பொம்பளைக் குழியாக இருக்கும், இது குழந்தைக் குழியாக இருக்கும் என்று அண்ணன் சொன்ன இடங்களிலும் நின்றாள். பால் குறையக் குறைய ஊற்றும் அளவும் குறைந்தது. கடைசியில் விரலை நனைத்துத் தெளித்தாள். தெரியாத குழியையும் வாரிவிடுகிற அந்தக் கடைக்கார அம்மாவை நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அந்த நினைப்பு இருந்திருக்கும்.

ஒரு மேட்டருகில் மட்டும் கொஞ்ச நேரம் அதிகமாக இருந்தாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை. முழங்கால் வலித்து உட்கார்ந்தாளோ, வேறு ஏதாவதோ. அந்த மண்ணில் கையை விரித்து வைத்திருந்தாள். பிறகு எழுந்து அடுத்த மேட்டுக்குப் போனாள்.

ஃபேக்டரிச் சங்கு ஊதியபோது ஓடைக்கு இன்னும் தூரம் இருந்தது. ஓடைப்பக்கமிருந்து மஞ்சு ஏறத் தொடங்கியது. மிச்சத்தை நானும் அண்ணனும் முடித்துவிட்டு வருகிறோம், நீ போ என்றேன். அம்மா தலையசைத்து மறுத்தாள். சங்கு ஊதினால் வேலை நின்றது. ஒரு தேயிலைக் கிளையை ஒடித்து, தன் நெரை நின்ற இடத்தில் குத்தினாள். ஆழமாகக் குத்தி, சுற்றி மண்ணை அணைத்துக் காலால் மிதித்தாள். நாளைக்கு வந்து தொடங்கப் போகிறவள் குத்துவதுபோலவே குத்தினாள். நாளைக்கு இந்நேரம் அவள் பெருமாட்டியில் இருப்பாள்.

ஏறி வந்து வளைவுத் தொட்டியில் கால் கழுவினோம். அட்டை கடித்த இடத்தில் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. அண்ணன் முகம் கழுவிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தான். குழிமேட்டுக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்கு மொட்டைத் தலையோடு எப்படி வந்திருப்பானோ அப்படி நடந்தான்.

அம்மா நகரவில்லை.

"தம்பி" என்று கூப்பிட்டாள். "நில்லு. திரும்பிப் பாரு."

அவன் நின்றான். திரும்பவில்லை. தோள் மட்டும் அசைந்தது. அம்மா மறுபடி கூப்பிடாமல் காத்திருந்தாள். கடைசியில் மெல்லத் திரும்பினான். வந்து தொட்டியடியில் எங்கள் பக்கத்தில் நின்றான். கீழே நாங்கள் வெட்டிய மூன்று நெரையும் தெரிந்தன. ஈர மண் கறுப்பாகக் கிடந்தது. நடுவில் அம்மா குத்திய கிளை.

"நல்லாப் பாத்துக்க" என்றாள். "பாப்பா, நீயும் பாரு. நாளைக்கு என்னைய எங்கிட்டுக் கொண்டு வச்சாலும் ரெண்டு பேரும் வரணும். வச்சிட்டு, இந்த மாதிரித் திரும்பிப் பாத்துட்டுத்தான் போகணும்."

அண்ணன் சரி என்றான். நானும் சரி என்றேன். மஞ்சு சரிவில் ஏறி முதலில் கிளையை மூடியது, பிறகு நெரைகளை மூடியது. ஒன்றும் தெரியாமல் போகும்வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.